ஓய்வுக்காலப் பட்டறை: கோத்தகிரியா தாண்டிக்குடியா, கம்பைண்டா தனித்தனியா?

ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வந்ததும் மலையில் ஒரு சின்ன வீடு, பக்கத்தில் ஒரு ஷெட், ஷெட்டுக்குள் மரவேலைக்கு டேபிள் சா (மேஜை ரம்பம்), பிளேனர் (இழைப்பு மெஷின்), ஒரு கடைசல் மெஷின் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கம் நான் செய்துகொண்டிருப்பதும் அதுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலையில் நிலத்தின் விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் மெஷினைப் பார்க்க வேண்டும். பெரிய மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அதை வைக்க இடம் தேடுகிறவர்களின் பணம் வருடக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறது.

சின்னத் தீவுகளில் நிலத்தின் விதிகள் வெளிப்படையாக இருக்கும். பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் உள்ள கெர்ன்சி தீவில் வீடுகளே ஓப்பன் மார்க்கெட், லோக்கல் மார்க்கெட் என்று பிரிந்திருக்கின்றன, வெளியிலிருந்து போகிறவர் பொதுவாக முதல் வகையில்தான் குடியேற முடியும். நம் லட்சத்தீவில் கால் வைக்கவே பர்மிட் வேண்டும், தீவுக்காரர்களின் நிலத்தை வெளியார் வாங்க முடியாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் (கோயில் மலை அல்ல, கொடைக்கானல் இருக்கும் மலைத்தொடர்) அப்படி இல்லை, யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பத்திரமும் பதிவாகிவிடும். அடி விழுவது அதற்கப்புறம், கட்டப் போகும்போது. 1990-ல் வந்த மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் (எல்லோரும் 'ஹாகா' என்றுதான் சொல்வோம்) பட்டியலில் உங்கள் கிராமம் இருந்தால் அதன் அனுமதி வேண்டும். 1993-ல் வந்த மலைவாசஸ்தலக் கட்டட விதிகள் இருக்கின்றன, உயரம் 7 மீட்டருக்குமேல் போகக் கூடாது. சரிவை வெட்டிச் சமன்படுத்த ஜேசிபி கொண்டுவர வேண்டுமென்றால் நீலகிரியில் அதற்கும் அனுமதி. தகரக் கூரை போட்ட பட்டறைதானே என்று நினைக்காதீர்கள், அஸ்திவாரம் எடுத்தால் அதுவும் கட்டடம்தான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்று பார்த்தவர்கள் இந்த விதிகளைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன்.

சரி, எந்த மலை? நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் 1969-ம் வருட ஜென்ம எஸ்டேட் (ஜமீன் மாதிரியான பழைய பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் அந்த நிலம் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். வருகிறது என்றால் பட்டாவை மறந்துவிடலாம். மசினகுடி, சீகூர்ப் பக்கம் யானை வழித்தடத்துக்குள் இருப்பதைத் தொடவே வேண்டாம், 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்துவிட்டது. மீதி இருப்பது குன்னூர், கோத்தகிரி, ஊட்டியைச் சுற்றியுள்ள ஊர்கள். பழனி மலையில் கொடைக்கானல் டவுனுக்குள் புதிதாகக் கட்டுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அனுமதி இல்லாத கட்டடங்கள் நீதிமன்ற உத்தரவுப்படி 2019-ல் வரிசையாகச் சீல் வைக்கப்பட்ட ஊர் அது. கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு வேறு மாதிரி. காபித் தோட்டம், நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு, குளிரும் மிதமாக இருக்கும். இடம் தாராளமாகக் கிடைக்கும், பக்கத்து வீடும் தள்ளி இருக்கும்.

பட்டறைக்காரனுக்கு இந்தக் கடைசி விஷயம் சாதாரணமானதல்ல. குடியிருப்புப் பகுதியில் பகல் நேர ஒலி வரம்பு 55 டெசிபல், சின்னப் பிளேனர் ஒன்று ஓடினாலே பக்கத்தில் நிற்பவர் காதில் 90 வாக்கில் கேட்கும். குன்னூர்ச் சரிவில் வீடுகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக இருக்கின்றன, சத்தம் நேரே மேல் வீட்டு ஜன்னலுக்குப் போகும். சத்தத்தில் தாண்டிக்குடிக்குத்தான் என் ஓட்டு.

மற்ற எல்லாவற்றிலும் கோத்தகிரி, குன்னூர்தான் முன்னால் நிற்கிறது, காரணம் கோயம்புத்தூர். மோட்டார் காயில் கட்ட, பிளேடு சாணை பிடிக்க, பேரிங் வாங்க, பழைய மெஷின் தேட, காலையில் இறங்கிச் சாயங்காலம் ஏறிவிடலாம். இன்னொன்றும் உண்டு, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன்: டேபிள் சாவில் விரல் போனால் ஒட்டவைக்கும் மைக்ரோ சர்ஜரிக்குப் பேர்போன ஊரும் அதுதான். அறுபதுக்குமேல் மெஷின் வாங்குகிறவர் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்பதை நிலத்தின் விலைக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மலையிலும் ஒரே யோசனைதான்: காலி மனை வேண்டாம், பிளான் அனுமதியோடு கார் ஷெட்டோ அவுட்ஹவுஸோ உள்ள பழைய வீடாகப் பாருங்கள். வில்லங்கச் சான்று, பட்டா இவற்றோடு அந்தப் பிளான் நகலையும் கேளுங்கள், அவுட்ஹவுஸ் அதில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். முடிந்தால் ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது மெஷின். கையில் இருக்கப்போவது ஒரு கார் ஷெட் அளவு என்று வைத்துக்கொண்டால் மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, நம் ஊர் ஆசாரிப் பட்டறைகளில் பார்க்கிற வார்ப்பு இரும்புக் கம்பைண்ட் மெஷின். ஒரே மோட்டார், ஒரே ஷாஃப்ட், அதில் பிளேனர், வட்ட ரம்பம், ஓரத்தில் துளை போடும் வசதி. உழைக்கும், உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும், இன்டக்‌ஷன் மோட்டார் என்பதால் சத்தமும் குறைவு. ஆனால் பல மாடல்களில் ரம்பத்துக்குப் பின்னால் பிளவுக்கத்தி (வெட்டிய மரம் மறுபடி சேர்ந்து இறுகாமல் பிரித்து வைக்கும் தகடு) இருக்காது, மேல் மூடியும் இருக்காது. வெட்டிய மரம் இறுகிப் பிளேடைப் பிடித்தால் பலகை உங்கள் வயிற்றை நோக்கித்தான் வரும். வருடக்கணக்காக அதில் நின்ற ஆசாரிக்குக் கை பழகியிருக்கும், ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு வந்த நமக்கு அப்படியில்லை. எனவே நான் இதை வேண்டாம் என்றே சொல்வேன், விலை எவ்வளவு ஆசை காட்டினாலும்.

இரண்டாவது, ஐரோப்பிய பாணிக் கம்பைண்ட். தனித்தனி மோட்டார், நல்ல காப்பு, இடமும் அடக்கம். குறை என்னவென்றால் முந்நூறு கிலோ அளவில் ஒரே கட்டியாக வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ரோட்டின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் லாரி ஏறிவிடும், பிரச்சினை அந்தக் கடைசி ஐம்பது அடி. மலையில் பாதி வீடுகளுக்கு ரோட்டிலிருந்து படிக்கட்டுதான். அதோடு வாங்கும்போது மோட்டார் சிங்கிள் ஃபேஸா என்று பார்க்காவிட்டால் த்ரீ ஃபேஸ் இணைப்புக்கும் அலைய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, தனித்தனிச் சின்ன மெஷின்கள். உதாரணத்துக்கு மகிட்டா 2012என்பி திக்னஸ் பிளேனர் (பலகையை ஒரே கனத்துக்கு இழைப்பது): 304 மில்லிமீட்டர் அகலம், 1,650 வாட், 28 கிலோ வாக்கில். இரண்டு பேர் தூக்கிப் படியில் இறக்கிவிடலாம், வீட்டு பிளக்கில் ஓடும். கூடவே பிளவுக்கத்தி உள்ள ஒரு டேபிள் சா. சத்தம்தான் இதன் பெரிய குறை, காதுக்கவசம் கட்டாயம். மலைக்கு நான் இதைத்தான் சொல்வேன். வீட்டின் அனுமதியில் சிக்கல் வந்து காலி செய்ய நேர்ந்தாலும் ஒரு பிக்கப் வண்டியில் எல்லாம் இறங்கிவிடும்.

உயரத்தில் மோட்டார் சூடாகுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மோட்டார் ரேட்டிங் பொதுவாகக் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் வரைக்கும், 40 டிகிரி வெப்பத்துக்கும் கணக்கிட்டது. ஊட்டி 2,200-ஐத் தாண்டும், காற்று லேசாக இருப்பதால் குளிர்ச்சி குறையும். ஆனால் இங்கே அந்த 40 டிகிரி வருவதே இல்லை, இரண்டும் பெரும்பாலும் ஈடாகிவிடும். இதைவிட வோல்டேஜ் முக்கியம். சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் பிளக்கில் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

மெஷினுக்கு உண்மையான எதிரி ஈரம். ஐப்பசியில் கோத்தகிரியில் மேகம் ஷெட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். காலையில் கதவைத் திறந்தால் வார்ப்பு இரும்பு மேஜை வியர்த்திருக்கும், அதில் நேற்று விட்டுப்போன உள்ளங்கைத் தடம் துருவாகவே பதிந்திருக்கும். மெழுகு தேய்த்துத் துணி போட்டு மூடாவிட்டால் வாரக்கணக்கில் சொரசொரப்பாகிவிடும். அலுமினிய மேஜைக்கு இந்தத் தொல்லை இல்லை, சின்ன மெஷின்களுக்கு இன்னொரு மதிப்பெண். அடைமழையில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தில் நின்றால் மரம் 18 சதவீதம் வரை ஈரம் பிடிக்கும். அதே மரம் கோயம்புத்தூரில் பங்குனி வெயிலில் 10, 11-க்கு வந்துவிடும். ஒரு அடி அகலத் தேக்குப் பலகை அதில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் சுருங்கும், சேர்த்த ஓரங்கள் விரியும். பேத்திக்குத் தொட்டில் செய்து கீழே அனுப்பப் போகிறீர்கள் என்றால் பலகையைக் காடியில் (சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில்) ஒட்டாமல் விடுங்கள், அசைய இடம் வேண்டும். இதில் தாண்டிக்குடிக்கும் கோத்தகிரிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, இரண்டுக்கும் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம்.

மரம் தோட்டத்திலேயே இருக்கிறதே என்று தோன்றும். 1955-ம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி பட்டா நிலத்து மரமானாலும் வெட்ட அனுமதி வாங்க வேண்டும், வெட்டியதைக் கொண்டுபோகத் தனி பெர்மிட். பெரிய பேண்ட் சா (பட்டை ரம்பம்) வாங்கி உருட்டு மரம் அறுக்க ஆரம்பித்தால் அறுவை மில் உரிமம் என்ற பேச்சு வரும். 1996-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க மரம் அறுப்பதைக் கட்டுப்படுத்திய கோதவர்மன் வழக்கு கூடலூர்க் காடுகளை வைத்துத்தான் தொடங்கியது, இங்குள்ள வனத்துறைக்கு அது நன்றாகவே நினைவிருக்கும். அறுத்த சைஸ் பலகையாக, பில்லோடு வாங்குங்கள். சில்வர் ஓக் இரண்டு மலையிலும் கிடைக்கும், இழைத்தால் புள்ளிப் புள்ளியாக மின்னும் அழகான மரம். தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும், முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். தூளை இழுக்கும் டஸ்ட் கலெக்டரை டேபிள் சா வாங்கும் அன்றே சேர்த்து வாங்குங்கள், பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் என்பதையும் பட்ஜெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.