டாஃப்ட் வழியா, ஐசனோவர் வழியா?

1951-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பென்டகனில் ஒரு தனிச் சந்திப்பு நடந்தது. வந்தவர் ஒஹாயோ மாநில செனட்டர் ராபர்ட் டாஃப்ட். முன்னாள் அதிபரின் மகன், 'மிஸ்டர் ரிபப்ளிகன்' என்று சொந்தக் கட்சியினரே பட்டம் சூட்டி அழைத்தவர். வரவேற்றவர் ஜெனரல் ட்வைட் ஐசனோவர். நேட்டோவின் முதல் தலைமைத் தளபதியாக அப்போதுதான் நியமிக்கப்பட்டிருந்தார். சந்திப்புக்கு முன்பே ஐசனோவர் ஓர் அறிக்கையை எழுதி வைத்திருந்தார். 1952 அதிபர் தேர்தலில் தாம் நிற்கப்போவதில்லை என்பது அதன் சாரம். மேற்கு ஐரோப்பாவின் கூட்டுப் பாதுகாப்பை ஆதரிப்பேன் என்று டாஃப்ட் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதை வெளியிட்டுவிட்டு நிம்மதியாக ஐரோப்பா போய்விடலாம் என்பது அவருடைய கணக்கு. அந்த வார்த்தை வரவில்லை. நான்கு டிவிஷன் படை அனுப்புவதா, ஆறு அனுப்புவதா என்பதிலேயே டாஃப்டின் பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. அவர் கிளம்பியதும் ஐசனோவர் அந்த அறிக்கையைக் கிழித்துப் போட்டார். பின்னாளில் அவரே சொன்ன செய்தி இது.

அடுத்த ஆண்டு சிகாகோ மாநாட்டில் டாஃப்டைத் தோற்கடித்து ஐசனோவர் வேட்பாளரானார், அதிபருமானார். அத்துடன் அந்த வழக்கு முடிந்துவிட்டது என்றுதான் பல பதிற்றாண்டுகள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். முடியவில்லை. உக்ரைன், காசா, ஈரான் என்று இன்று அமெரிக்காவில் நடக்கும் ஒவ்வொரு வாதத்துக்கும் அடியில் அந்த இரண்டு பேரின் வாதம்தான் கிடக்கிறது. கட்சிகள்தான் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்று பிரித்து ஒப்பிடுவதைவிட, இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தெளிவைத் தரும்.

தன்வலியும் துணைவலியும்

டாஃப்ட் தன்வலியை நம்பியவர். இரு பக்கமும் பெருங்கடல். வலுவான விமானப்படையும் கடற்படையும் இருந்தால் போதும், பிறர் நிலத்தில் நம் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம் என்பது அவர் வாதம். 1941இல் பிரிட்டனுக்குப் போர்த் தளவாடங்களை 'இரவலாக'க் கொடுக்கும் சட்டம் வந்தபோது எதிர்த்தார். தளவாடத்தை இரவல் கொடுப்பது சூயிங்கத்தை இரவல் கொடுப்பதைப் போன்றது, அதை யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை என்றார். 1949இல் நேட்டோ ஒப்பந்தம் செனட்டில் 82–13 என்ற கணக்கில் நிறைவேறியது. அந்தப் பதின்மூவரில் அவரும் ஒருவர். ரஷ்யாவைச் சுற்றி ஆயுதம் தரித்த வளையம் அமைத்தால் அது போரைத் தடுக்காது, கூப்பிடும் என்று அஞ்சினார்.

ஐசனோவர் துணைவலியைத் தேடியவர். நார்மண்டிக் கரையில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதை அறிந்த தளபதி அவர். 1939இலேயே ஒரு கூட்டணி உறுதியாக நின்றிருந்தால் 1944இல் அந்தக் கரையில் இறங்க வேண்டியிருந்திருக்காது என்பதே அவருடைய தலைமுறை கற்ற பாடம். போருக்கு முன் ஒதுங்கியிருக்கும் கொள்கையின் பெருங்குரலாக இருந்த மிச்சிகன் செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்க், 1945 ஜனவரி 10 அன்று செனட்டில் எழுந்து தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதும் இதே பாடத்தால்தான்.

ஐரோப்பாவைப் பொறுத்தவரை ஐசனோவர் சொன்னதே சரி என்பது என் துணிபு. நேட்டோ அமைந்தபின் அதன் உறுப்பு நாடு எதன் மீதும் சோவியத் படை கை வைக்கவில்லை. டாஃப்ட் அஞ்சிய போர் வரவில்லை. டாஃப்டும் தம் கொள்கையில் எப்போதும் நேர்கோட்டில் நின்றவர் அல்லர். நிலப்போர் வேண்டாம் என்ற அவரே 1951இல் கொரியப் போரைச் சீனாவுக்குள் விரிக்கச் சொன்ன தளபதி மெக்கார்தரின் பக்கம் சாய்ந்தார்.

ஆனால் அவர் சொன்ன இன்னொன்று இருக்கிறது. 1950 ஜூன் இறுதியில் அதிபர் ட்ரூமன் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே கொரியாவுக்குப் படையை அனுப்பினார். இரண்டு மூன்று நாட்களுக்குள் டாஃப்ட் செனட்டில் எழுந்தார். தீர்மானம் கொண்டுவாருங்கள், நானே ஆதரித்து வாக்களிக்கிறேன். ஆனால் எங்களைக் கேட்காமல் போருக்குப் போகும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்றார். போரை ஆதரித்துக்கொண்டே, போரைத் தொடங்கிய முறையை எதிர்ப்பது எளிதல்ல. அதைச் செய்தவரை நான் மதிக்கிறேன். போர் அறிவிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவு நாடாளுமன்றத்திடம்தான் கொடுத்திருக்கிறது. அன்று கைநழுவிய அது இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. இதில் ஐசனோவரையும் பாராட்ட வேண்டும்: 1955இல் தைவான் நீரிணையில் நெருக்கடி முற்றியபோது முன்கூட்டியே நாடாளுமன்றத்திடம் தீர்மானம் கேட்டு வாங்கினார். அதே ஐசனோவரின் ஆட்சியில்தான் 1953இல் ஈரானிலும் 1954இல் குவாத்தமாலாவிலும் ரகசியமாக அரசுகள் கவிழ்க்கப்பட்டன. அதற்கு எவரிடமும் வாக்கு கேட்கவில்லை.

கட்சிகள் இடம் மாறிய விதம்

வியட்நாம் வந்தது. 1964இல், அங்கே படையைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தந்த டோங்கின் வளைகுடாத் தீர்மானத்தை செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர்: வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங். இருவரும் ஜனநாயகக் கட்சியினர். எட்டே ஆண்டுகளில் அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன், 'அமெரிக்காவே, வீட்டுக்குத் திரும்பு' என்று முழங்கினார். டாஃப்டின் குரல் எதிர்க்கட்சியின் தொண்டையில் ஒலித்தது. ரீகன் காலத்தில் குடியரசுக் கட்சி ஐசனோவர் வழியையும் தாண்டி வேகமெடுத்தது.

அதன்பின் வந்த மூன்று வாக்கெடுப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

1991 ஜனவரி 12. குவைத்திலிருந்து சதாமை விரட்டும் போருக்கு அனுமதி. செனட்டில் 52–47. அதிபர் குடியரசுக் கட்சிக்காரர். எதிர்த்த 47 பேரில் 45 பேர் ஜனநாயகக் கட்சியினர்.

1999 ஏப்ரல் 28. கொசோவோவுக்காக செர்பியா மீது விமானத் தாக்குதல். அதிபர் கிளிண்டன், ஜனநாயகக் கட்சி. பிரதிநிதிகள் சபையில் 213–213 என்று சமன், தீர்மானம் விழுந்தது. எதிர்த்தவர்களில் 187 பேர் குடியரசுக் கட்சியினர். தேசநலனுக்குத் தொடர்பில்லாத ஊரில் நமக்கென்ன வேலை என்று கேட்டார்கள்.

2002 அக்டோபர். இராக். அதிபர் மீண்டும் குடியரசுக் கட்சி. அதே சபையில் அக்கட்சியின் 215 பேர் போருக்குக் கை தூக்கினார்கள். எதிர்த்தவர்கள் ஆறு பேர். இதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், தேர்தல் விவாத மேடையில் அமெரிக்கா பணிவான நாடாக இருக்க வேண்டும் என்று சொல்லி ஜெயித்தவர்தான் அந்த அதிபர் புஷ்.

மூன்றரை ஆண்டுகளில் ஒரு கட்சியின் உலகப் பார்வை எப்படித் தலைகீழாகும்? செப்டம்பர் 11 தாக்குதல் ஒரு காரணம். அந்த அதிர்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது மட்டுமே காரணமல்ல. வெள்ளை மாளிகையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது பாதி விடை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதை இது. ஜனநாயகக் கட்சியும் இதற்கு விலக்கல்ல. 2002இல் அக்கட்சியின் செனட்டர்களில் 29 பேர் போருக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ஜான் கெர்ரி, ஹிலாரி கிளிண்டன், ஜோ பைடன் மூவரும் அதில் உண்டு. மூவரும் பின்னர் அதிபர் வேட்பாளர்கள் ஆனார்கள். அந்த ஒரு வாக்கு மூவரையும் துரத்திக்கொண்டே வந்தது.

மற்றப் பாதி விடை வாக்காளர்களிடம் இருக்கிறது. தென் கரோலினா ராணுவ முகாம்களும் ஓய்வுபெற்ற வீரர்களும் நிறைந்த மாநிலம். 2007 மே மாதம் அங்கே நடந்த குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் விவாதத்தில் போட்டியாளர் ரான் பால், நாம் பத்து ஆண்டுகளாக இராக் மீது குண்டு போட்டதும் நம் மீதான தாக்குதலுக்கு ஒரு காரணம் என்றார். இன்னொரு போட்டியாளரான ரூடி ஜூலியானி குறுக்கிட்டு, அந்தச் சொற்களைத் திரும்பப் பெறுங்கள் என்றார். அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2016 பிப்ரவரி 13 அன்று, அதே மாநிலத்தின் கிரீன்வில் நகரில் மேடையேறிய டிரம்ப், இராக் போர் மாபெரும் தவறு என்றார். பக்கத்தில் நின்றவர் போரைத் தொடங்கிய அதிபரின் தம்பி ஜெப் புஷ். அரங்கம் டிரம்பைக் கூச்சலிட்டு எதிர்த்தது. ஒரு வாரம் கழித்து அந்த மாநில முன்தேர்தலில் டிரம்ப் வென்றார். ஜெப் புஷ் அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களும் வாக்குச்சாவடிக்குப் போனவர்களும் ஒரே மனநிலையில் இல்லை. கட்சித் தலைமைக்கு அது அன்றுதான் புரிந்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் 3 அன்று, குடியரசுக் கட்சியின் பிறப்பிடமாகக் கருதப்படும் விஸ்கான்சினின் ரிப்பன் நகரில், இராக் போரின் முக்கியச் சூத்திரதாரியான டிக் செனியின் மகள் லிஸ் செனி மேடையேறி, ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு வாக்குக் கேட்டார். அதே தேர்தலில், 2020இல் பைடனை ஆதரித்த மிச்சிகனின் டியர்பார்ன் நகரம், அரபு வம்சாவளியினர் நிறைந்த ஊர், காசா மீதான கோபத்தில் டிரம்ப் பக்கம் திரும்பியது.

உக்ரைன்: இரண்டு பேர்

இந்த இழுபறியை அருகில் நின்று பார்க்க இரண்டு பேர் போதும்.

ஒருவர் பிரமிளா ஜெயபால். சென்னையில் பிறந்தவர், பிரதிநிதிகள் சபையில் சியாட்டில் தொகுதியின் உறுப்பினர். ஜனநாயகக் கட்சியின் இடதுசாரி அணித் தலைவராக 2022 அக்டோபர் 24 அன்று 30 உறுப்பினர்களின் கையெழுத்துடன் பைடனுக்கு ஒரு கடிதம் வெளியிட்டார். உக்ரைனுக்கு உதவி தொடரட்டும், கூடவே ரஷ்யாவுடன் நேரடிப் பேச்சுக்கும் வழி தேடுங்கள் என்பதே கோரிக்கை. சொந்தக் கட்சியே பாய்ந்தது. மறுநாளே கடிதம் திரும்பப் பெறப்பட்டது. இராக் போரை எதிர்த்து வளர்ந்த ஓர் அணி, பேச்சுவார்த்தை என்ற சொல்லை 24 மணி நேரம்கூட வைத்திருக்க முடியவில்லை. அவர்கள் உதவிக்கு எதிராக வாக்களித்தவர்களும் அல்லர். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டியதில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

மற்றவர் சபாநாயகர் மைக் ஜான்சன், குடியரசுக் கட்சி. 2022 மே மாதம் உக்ரைனுக்கு 4,000 கோடி டாலர் உதவியை எதிர்த்த 57 பேரில் ஒருவர். சபாநாயகரான பின் உளவுத் துறையின் விளக்கங்களை நேரில் கேட்டார். மகன் கடற்படைக் கல்லூரியில் சேரவிருந்த நேரம். அமெரிக்கப் பிள்ளைகளை அனுப்புவதைவிட உக்ரைனுக்குத் தோட்டாக்களை அனுப்புவது மேல் என்று வெளிப்படையாகச் சொன்னார். பதவியே பறிபோகலாம் என்ற நிலையில் 2024 ஏப்ரல் 20 அன்று ஏறக்குறைய 6,100 கோடி டாலர் மசோதாவை வாக்குக்கு விட்டார். 311–112. ஜனநாயகக் கட்சியின் 210 பேர் ஆதரவு, ஒருவர்கூட எதிர்ப்பில்லை. ஜான்சனின் கட்சியில் 101 பேர் ஆதரவு, 112 பேர் எதிர்ப்பு. ஜனநாயகக் கட்சியினர் அவைக்குள் உக்ரைன் கொடிகளை அசைத்தார்கள். ஐசனோவரின் வாதத்தை ஐசனோவரின் கட்சியில் பாதிப் பேர் கைவிட்ட நாள் அது. இதற்கு இருபது மாதங்களுக்கு முன், ஃபின்லாந்தையும் சுவீடனையும் நேட்டோவில் சேர்க்க செனட் 95–1 என்று ஒப்புதல் தந்திருந்தது. எதிர்த்தவர் குடியரசுக் கட்சியின் ஜோஷ் ஹாலி மட்டுமே.

ஜனநாயகக் கட்சிக்குள் இதே பிளவு இஸ்ரேல் விஷயத்தில் திறந்துகொண்டது. 2025 ஜூலை இறுதியில் இஸ்ரேலுக்குத் துப்பாக்கிகள் விற்பதைத் தடுக்கும் செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் தீர்மானம் தோற்றது. ஆனால் கட்சி அணியில் இருந்த 47 செனட்டர்களில் 27 பேர் அதை ஆதரித்திருந்தார்கள்.

யார் தீர்மானிப்பது?

இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், கூட்டணி விஷயத்தில் ஐசனோவரையும் போரைத் தொடங்கும் விஷயத்தில் டாஃப்டையும் தேர்வு செய்வேன். இன்றைய கட்சிகள் இரண்டுமே இதற்கு நேர்மாறாக நடக்கின்றன: கூட்டாளிகளைச் சந்தேகிக்கும்போது டாஃப்டின் பெயர் நினைவுக்கு வருகிறது, தங்கள் அதிபர் குண்டு போடும்போது அவர் மறந்துபோகிறார்.

2011இல் ஒபாமா லிபியா மீது தாக்குதல் தொடங்கினார். நாடாளுமன்ற அனுமதி இல்லாமல் அதிபர் படையை மோதலில் ஈடுபடுத்த போர் அதிகாரச் சட்டம் தரும் 60 நாள் கெடு கடந்தது. தரைப்படை இறங்காததால் இது அந்தச் சட்டம் சொல்லும் மோதலே அல்ல என்று அவருடைய நிர்வாகம் விளக்கம் சொன்னது. ஜூன் 24 அன்று பிரதிநிதிகள் சபை அனுமதி மறுத்தது. ஒபாமாவின் கட்சியிலேயே 70 பேர் எதிர்த்தார்கள். அதே நாளில், பணத்தை வெட்டும் மசோதாவையும் அதே சபை தோற்கடித்தது. அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. குண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன.

பிறகு ஈரான். 2020 பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சி செனட்டர் டிம் கேன், ஈரானுடன் போருக்குப் போகுமுன் நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஒபாமா காலத்திலும் இதே கோரிக்கையை விடாமல் எழுப்பியவர் அவர். 55–45 என்று நிறைவேறியது. எட்டுக் குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஆதரித்தார்கள். டிரம்ப் தம் தடையுரிமையால் அதை வீழ்த்தினார். 2025 ஜூன் 22 அன்று ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் அணுசக்தி நிலையங்கள் மீது அமெரிக்கா குண்டு வீசியது. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு ஏதும் நடக்கவில்லை. ஐந்து நாள் கழித்து கேன் மீண்டும் தீர்மானத்துடன் வந்தார். இம்முறை 47–53. ஜனநாயகக் கட்சியில் ஜான் ஃபெட்டர்மேன் மட்டும் எதிர்த்து வாக்களித்தார். 2020இல் ஆதரித்த அந்த எட்டுக் குடியரசுக் கட்சியினரில் ஏழு பேர் அன்றும் அவையில் இருந்தார்கள். அவர்களில் பழைய நிலையிலேயே நின்றவர் ரேண்ட் பால் ஒருவர்தான். தென் கரோலினா மேடையில் வாயடைக்கப்பட்ட ரான் பாலின் மகன்.