மூன்று வருடம் பேக்கப்புக்குப் பணம் கட்டினேன், கையில் கிடைத்தது 20 பைட்

இணையதளம் வைத்து வியாபாரம் செய்கிறவர் நீங்கள் என்றால், முதலில் போய் உங்கள் டேட்டாபேஸின் (ஆர்டர், வாடிக்கையாளர் விவரமெல்லாம் சேர்ந்திருக்கும் இடம்) பேக்கப் கோப்பு எத்தனை எம்பி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நாங்கள் மன்னார்குடி பக்கம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், தூயமல்லி என்று பாரம்பரிய ரக அரிசியை ஆறு வருடமாக இணையத்தில் விற்கிறோம். தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது, கடை அதன்மேல் ஓடும் வூகாமர்ஸ். ஹோஸ்டிங் (தளத்தை வைக்க சர்வரில் இடம்) வாங்கிய நிறுவனத்திலேயே ‘தினசரி தானியங்கி பேக்கப்’ என்று தனியாக ஒரு சேவை விற்றார்கள், வருடத்துக்கு 2,400 ரூபாய். தினமும் இரவு இரண்டு மணிக்குத் தளத்தின் கோப்புகளையும் டேட்டாபேஸையும் எடுத்து, 30 நாள் பிரதிகளை வைத்திருப்போம் என்றார்கள். மூன்று வருடமும் தவறாமல் கட்டினேன். கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் பச்சை டிக் இருக்கும். அதை நம்பினேன்.

பொங்கல் முடிந்த வாரம், ஆர்டர் அதிகம் வருகிற நேரம். வியாழக்கிழமை காலையில் தளம் திறக்கவில்லை. டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை என்று ஒரே ஒரு வரிதான் வந்தது. போன் செய்தேன். “டிஸ்க் போயிடுச்சு சார். நீங்க கவலைப்படாதீங்க, உங்களுக்குத்தான் பேக்கப் இருக்கே, சாயங்காலத்துக்குள்ள ஏத்திடுறோம்” என்றார்கள். அன்று சாயங்காலமும் போனது, வெள்ளிக்கிழமையும் போனது. சனிக்கிழமை மதியம் “ஏத்தியாச்சு, பாருங்க” என்று செய்தி வந்தது. திறந்தால், எந்த மொழி வேண்டும் என்று கேட்கும் பக்கம் வருகிறது. வேர்ட்பிரஸைப் புதிதாக நிறுவும்போது வருகிற பக்கம் அது. படங்களும் பிளகின்களும் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) கோப்புகளாக இருந்தன. டேட்டாபேஸ் காலி.

பேக்கப் கோப்புகளின் பட்டியலை அனுப்பச் சொல்லி மூன்று முறை கேட்ட பிறகுதான் அனுப்பினார்கள். முப்பது டேட்டாபேஸ் கோப்புகள், முப்பதும் 20 பைட்.

தெரிந்த ஒரு தம்பியை வைத்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. ஆடி மாதம் அவர்கள் எங்கள் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றியபோது டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் எடுக்கும் கட்டளைகளை எழுதி வைத்த ஸ்கிரிப்ட்டில் பழைய கடவுச்சொல்லே இருந்திருக்கிறது. டேட்டாபேஸை எழுதித் தர வேண்டிய மைஎஸ்க்யூஎல்டம்ப் அனுமதி இல்லாமல் நின்றுவிட்டது. அதிலிருந்து வருவதைச் சுருக்க வேண்டிய ஜிஜிப், எதுவும் வராவிட்டாலும் தன் வேலையைச் செய்து ஒரு கோப்பை உண்டாக்கிவிடும். உள்ளே ஒன்றுமில்லாத அந்தக் கோப்பின் அளவுதான் 20 பைட். இப்படி இரண்டு கட்டளைகளைக் கோர்த்து ஓடவிட்டால், கடைசிக் கட்டளை வென்றதா என்பதைத்தான் ஸ்கிரிப்ட் பார்க்கும். ஜிஜிப் வென்றது, அதனால் பச்சை டிக். ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில், கோர்த்த கட்டளைகளில் எது தோற்றாலும் தோல்வி என்று காட்டும் ‘பைப்ஃபெயில்’ அமைப்பை இயக்கி ஒரு வரி எழுதியிருந்தால் முதல் இரவே தோல்வி என்று தெரிந்திருக்கும்.

எனக்கு இன்னும் ஆறாதது அடுத்த விஷயம். 30 நாளுக்கு மேற்பட்டதை அழிக்கும் வேலை மட்டும் ஒழுங்காக ஓடியிருக்கிறது. ஒவ்வொரு இரவும் ஒரு வெற்றுக் கோப்பு உள்ளே வந்தது, ஒரு நல்ல கோப்பு அழிந்தது. ஒரு மாதத்தில் நல்லது ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களை வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். தேடினால் தினசரி பேக்கப் இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு என்பதால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தார்கள். ஆனால் அவர்கள் நடந்ததை ஒளிக்காமல் ஊரறிய எழுதினார்கள். எனக்குக் கிடைத்த பதில், “பேக்கப் சரியா இருக்கான்னு பாத்துக்க வேண்டியது வாடிக்கையாளர் பொறுப்பு, விதிமுறையில இருக்கு சார்.” போய்ப் பார்த்தேன், இருக்கிறது. அப்படியென்றால் 2,400 ரூபாய் எதற்கு வாங்கினீர்கள் என்று எழுதிக் கேட்டேன். ஒரு வருடம் இலவசமாகத் தருகிறோம் என்றார்கள்.

ஆர்டர் வரும்போதெல்லாம் மின்னஞ்சல் வருவதால், அதிலிருந்து முகவரிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பதினோரு நாள் ஆனது. அரிசி பற்றிய விவரங்களில் பாதி, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷினில் இருந்தன. யாருக்கு ஒரு தீட்டல் (ஒரு முறை மட்டும் தீட்டிய அரிசி), யாருக்குக் கைக்குத்தல், எந்த மூட்டை எந்த விவசாயியின் வயலில் இருந்து வந்தது என்று ஆறு வருடமாகக் குறித்து வைத்தது மட்டும் திரும்பவில்லை. அந்த விவசாயிகளிடம் என்ன சொல்வேன்?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லித் தட்டிவிடப் பார்ப்பார்கள். சொந்தப் பிழைப்புக்கான சுயதொழிலுக்கு ஒரு விலக்கு உண்டு, ஆனால் 2019 சட்டத்தின் வாசகம் வாங்கிய பொருட்களைத்தான் சொல்கிறது, சேவையைச் சொல்லவில்லை; அதனால் அது நமக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டிய ரசீதையும் அந்தப் பச்சை டிக் திரையின் படத்தையும் எடுத்து வையுங்கள், எனக்கு இப்போது அவைதான் சாட்சி.

இப்போது வேறு இடத்துக்கு மாறி, கிரான் வேலையை (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி) நானே எழுதி வைத்திருக்கிறேன். எழுதுகிறவர்களுக்கு ஒன்று: கோப்பின் பெயரில் தேதி வரவைக்கச் சதவீதக் குறி போடுவீர்கள். கிரான் வரிக்குள் அதற்கு முன்னால் பின்சாய்கோடு இல்லையென்றால் கட்டளை அங்கேயே அறுந்துவிடும். பிளகின் வைத்து எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று: வேர்ட்பிரஸின் உள் கிரான் யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். இரவில் ஆள் வராத தளத்தில் இரண்டு மணி என்றால் இரண்டு மணிக்கே ஓடும் என்று எண்ணாதீர்கள். பிரதி ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரிலேயே இருக்கக் கூடாது. எங்களுடையது இப்போது வீட்டுக் கணினிக்கு வருகிறது, 30 எம்பிக்குக் கீழே இருந்தால் என் போனுக்குச் செய்தி வரும். மாதத்தின் முதல் ஞாயிறு அதை ஒரு சோதனைத் தளத்தில் ஏற்றிப் பார்க்கிறோம். போன ஞாயிறு ஏற்றியபோது முந்தைய நாள் இரவு வந்த கடைசி ஆர்டர் வரை இருந்தது. கும்பகோணத்துக்கு இரண்டு கிலோ பூங்கார், ஒரு தீட்டல்.