பேஸ்பால் சாவண்ட் தளம்: கெவின் கீர்மையரைத் தேடினால் என்ன கிடைக்கிறது?

பேஸ்பால் புள்ளிவிவரம் என்றாலே பேட்டிங்கும் பிட்சிங்கும்தான் முன்னால் வந்து நிற்கும், ஃபீல்டிங் எங்கேயோ கடைசியில் இரண்டு வரியில் முடிந்துவிடும். மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகமே நடத்துகிற பேஸ்பால் சாவண்ட் தளத்தில் மட்டும் ஃபீல்டிங்குக்குத் தனிக் கடையே விரித்திருக்கிறார்கள். எந்த அளவுக்கு உருப்படியானது என்று பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பேட்டிங்குக்காக யாரும் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்ளாத, ஆனால் பிடித்த கேட்சுகளுக்காக எல்லோரும் பேசுகிற ஓர் ஆளின் பெயரைத் தட்டிப் பார்க்க வேண்டும். நான் தட்டிய பெயர் கெவின் கீர்மையர். சென்டர் ஃபீல்டர், அதாவது மைதானத்தின் பின்பகுதியான அவுட்ஃபீல்டில் நடுவில் நிற்பவர். டாம்பா பே ரேஸ் அணியில் பத்து சீசன், அப்புறம் டொராண்டோ ப்ளூ ஜேஸ், 2024 கடைசியில் கொஞ்ச காலம் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், அதோடு ஓய்வு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காசு கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லித் தொந்தரவு கிடையாது. மேலே தேடும் பெட்டியில் பெயரைப் போட்டால் நேராக ஆட்டக்காரரின் பக்கம். அங்கே சிவப்பும் நீலமுமாக வட்டங்கள் இருக்கும். சிவப்பு அடர்த்தியாக இருந்தால் அந்த விஷயத்தில் லீகிலேயே மேல்தட்டு, நீலம் என்றால் கீழ்த்தட்டு. கீர்மையரின் வட்டங்களைப் பார்த்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும், ஃபீல்டிங் பக்கம் சிவப்பு, பேட்டிங் பக்கம் போனால் பெரும்பாலும் நீலம். ஒரு கட்டுரை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை ஐந்து விநாடியில் காட்டிவிடுகிறார்கள்.

ஆனால் இந்தத் தளத்தின் உண்மையான சரக்கு உள்ளே, கேட்ச் பிராபபிலிட்டி என்ற பகுதியில் இருக்கிறது. அவுட்ஃபீல்டை நோக்கி வரும் ஒவ்வொரு பந்துக்கும் ஃபீல்டர் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்தது, அதற்கு எவ்வளவு நேரம் இருந்தது, முன்னால் ஓடினாரா பின்னால் ஓடினாரா, சுவர் குறுக்கே வந்ததா என்றெல்லாம் பார்த்து, இதை ஒரு சராசரி ஃபீல்டர் பிடிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கணக்குப் போடுகிறார்கள். 25 சதவீதத்துக்குள் இருந்தால் அது ஐந்து நட்சத்திரப் பந்து. அப்படி 25 சதவீத வாய்ப்புள்ள பந்தைப் பிடித்துவிட்டால் 0.75 கணக்கில் ஏறும், விட்டால் 0.25 மட்டும் கழியும். 95 சதவீதப் பந்தை விட்டால் கதையே வேறு, ஏறக்குறைய ஓர் அவுட் முழுதாகப் போய்விடும். இதையெல்லாம் கூட்டினால் வருவதுதான் அவுட்ஸ் அபவ் ஆவரேஜ். கஷ்டமான கேட்சுக்கு அதிக மதிப்பு, சோப்ளாங்கிக் கேட்சுக்கு ஒன்றும் கிடையாது; இதை விட நியாயமான கணக்கு ஃபீல்டிங்குக்கு இதுவரை வந்ததில்லை என்பது என் கருத்து.

இதற்கான அளவெல்லாம் 2020 முதல் ஹாக்-ஐ கேமராக்களில் இருந்து வருகிறது. ஆமாம், கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ ரிவ்யூவுக்கு நாம் திட்டிக்கொண்டே நம்புகிற அதே ஹாக்-ஐ.

அதே பகுதிக்குப் பக்கத்திலேயே ஜம்ப் என்று ஒன்று உண்டு. பிட்சர் கையிலிருந்து பந்து கிளம்பிய முதல் மூன்று விநாடியில் ஃபீல்டர் சரியான திசையில் எத்தனை அடி நகர்ந்தார் என்பது. முதல் ஒன்றரை விநாடி கிளம்புகிற வேகம், அடுத்த ஒன்றரை விநாடி பாய்ச்சல், அப்புறம் வளைந்து ஓடினாரா நேராக ஓடினாரா என்பது தனி. டிவியில் இதைப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் கேமரா அந்த நேரத்தில் பேட்டர் மேல் இருக்கும், ஃபீல்டர் திரைக்குள் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். டைவ் அடித்துப் பிடிப்பவரைக் கைதட்டிக் கொண்டாடுகிறோம், சீக்கிரம் கிளம்பி நின்றபடியே பிடிப்பவரை கவனிப்பதே இல்லை. அந்த ஓரவஞ்சனையைச் சரிசெய்கிற ஒரே இடம் இது.

சரி, குறைக்கு வருவோம். குறை சின்னதில்லை.

அவுட்ஃபீல்டர்களுக்கான அவுட்ஸ் அபவ் ஆவரேஜ் கணக்கு 2016ல்தான் தொடங்குகிறது. கீர்மையரின் உச்சம் 2015. அந்த வருஷம் இன்னொரு அளவுகோலான டிஃபென்சிவ் ரன்ஸ் சேவ்டில் (ஃபீல்டிங்கால் எதிரணிக்குத் தடுத்த ரன்களின் கணக்கு) அவருக்கு 42 என்று கணக்கிட்டார்கள், அதுவரை எந்த இடத்தில் நிற்கும் ஆட்டக்காரரும் எட்டாத எண். சிறந்த ஃபீல்டர்களுக்குத் தருகிற கோல்ட் கிளவ் விருது முதல்முறை கிடைத்ததும், அதற்கும் மேலான பிளாட்டினம் கிளவ் கிடைத்ததும் அந்த வருஷம்தான். ஆகஸ்ட் 31ஆம் தேதி பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸில் மேனி மச்சாடோ அடித்த பந்தை, சுவருக்கு மேல் முழுக்கையும் போகிற அளவு எகிறிப் பிடித்தாரே, அதுவும் அந்த வருஷம்தான். இந்த மனிதரின் ஃபீல்டிங்கைத் தெரிந்துகொள்ள வருகிறவர் முதலில் தேடுவது 2015ஐ, அந்த வருஷத்துக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை! 2015லேயே எல்லா மைதானங்களிலும் பந்தையும் ஆட்டக்காரர்களையும் பின்தொடர்ந்து அளக்கிற ஸ்டேட்காஸ்ட் கருவிகள் வந்துவிட்டன என்பதை நினைத்தால் இன்னும் எரிச்சல்.

இரண்டாவது, ஃபீல்டர் எங்கே நின்றாரோ அங்கிருந்துதான் கணக்கு தொடங்கும். பேட்டரைப் பார்த்து நான்கு அடி தள்ளி நின்று பந்தைச் சுலபமாக்கிக்கொண்டவருக்கு அதற்கான மதிப்பெண் கிடையாது, பந்து சுலபம் என்றே பதிவாகும். அதோடு அவுட் என்றால் அவுட், அவ்வளவுதான். இந்த எண்ணிக்கையில் ஹோம் ரன்னாக (நம்ம சிக்ஸர் மாதிரி) போக வேண்டியதைப் பறித்ததும் சிங்கிளாக (பேட்டர் முதல் பேஸ் வரை மட்டும் ஓட முடிகிற அடி) விழ வேண்டியதைப் பிடித்ததும் ஒரே வரிசை.

ஒரு ஃபீல்டர் தன் உடம்பை என்ன விலைக்கு விற்றார் என்பதும் இங்கே தெரியாது. கீர்மையருக்கு 2016ல் டைவ் அடித்து இடது கை எலும்பு முறிந்தது. அந்த வருஷம் 105 ஆட்டம்தான் ஆடினார், அப்படியும் கோல்ட் கிளவ் கொடுத்தார்கள். 2017ல் முதல் பேஸில் சறுக்கி இடுப்பில் முறிவு, 2018ல் மறுபடி சறுக்கல், கட்டைவிரல் தசைநார் கிழிந்தது, 2022ல் இடுப்பில் அறுவை சிகிச்சை. சீசன்களுக்கு நடுவே எண்கள் ஏறி இறங்குவதற்குக் காரணம் பாதி இதுதான், ஆனால் பக்கத்தில் அதற்கு ஒரு குறிப்புகூட இல்லை. பழைய ஆட்டச் செய்திகளை வேறு இடத்தில் தோண்டினால்தான் கதை புரியும். 2010 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், 31ஆவது சுற்றில் தேர்வானவர் (இப்போது டிராஃப்ட் மொத்தமே 20 சுற்றுதான்). 2013 செப்டம்பர் 30 அன்று டெக்சஸுக்கு எதிரான டை-பிரேக்கரில் (சமமாக நின்ற இரண்டு அணிகளுக்குள் முடிவு கட்டும் ஆட்டம்), கடைசி இன்னிங்ஸில், ஃபீல்டிங்குக்கு மட்டும் இறக்கிவிடப்பட்டு அறிமுகமானவர். ஒருமுறைகூட மட்டை பிடிக்கவில்லை அந்த ஆட்டத்தில். 2017ல் அதே ரேஸ் அணி ஆறு வருஷத்துக்கு 5.35 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது, முக்கியமாகக் கேட்ச் பிடிப்பதற்காக.

2021ல் ரேஸ் அணியில் இருந்தபோது, ப்ளூ ஜேஸ் கேட்சரின் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) மணிக்கட்டுப் பட்டையிலிருந்து விழுந்த திட்டக் குறிப்பு அட்டையை எடுத்துக்கொண்டு போய் ரகளையானதும், இரண்டு நாளில் பதிலுக்கு அவர்கள் வீசிய பந்தால் அடி வாங்கிக்கொண்டதும், 2023ல் அதே ப்ளூ ஜேஸுக்கே ஆடப் போய் நான்காவது கோல்ட் கிளவ் வாங்கியதும்கூட எந்த அட்டவணையிலும் வராது. அதற்காகத் தளத்தைக் குறை சொல்ல முடியாதுதான்.

தமிழில் கிடையாது, அளவெல்லாம் அடிக்கணக்கு, மைல் கணக்கு. விநாடிக்கு 27 அடி ஓடினால் சராசரி, 30 அடி என்றால் மின்னல் என்று மனதில் வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம். அட்டவணைகள் அகலமானவை, போனை விட லேப்டாப்பில் பார்ப்பது வசதி. அமெரிக்காவில் ராத்திரி ஏழு மணி ஆட்டம் நமக்கு அதிகாலை நாலரை என்பதால் நேரலைக்கு எழ முடியாதவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும், ஸ்டேட்காஸ்ட் சர்ச்சில் தேடினால் ஒவ்வொரு பந்தாக வீடியோவோடு பார்க்கலாம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. இப்போது ஆடிக்கொண்டிருக்கும் ஃபீல்டர்களுக்கு மட்டும் என்றால் நாலரை கொடுப்பேன். கீர்மையர் மாதிரி 2016க்கு முன்பே உச்சம் தொட்டவர்களுக்கு முதலில் மேஜர் லீக் வீடியோக்களைப் பாருங்கள், மச்சாடோ கேட்ச் அங்கே இருக்கிறது, அதன்பிறகு எண்ணுக்கு வாருங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் டால்டன் வார்ஷோ என்று தட்டிப் பாருங்கள், டொராண்டோவில் கீர்மையருக்குப் பக்கத்தில் லெஃப்ட் ஃபீல்டில் நின்றவர், கீர்மையர் கிளம்பிய பிறகு சென்டர் ஃபீல்டுக்கு வந்தவர். அவருடைய மேஜர் லீக் ஆட்டம் முழுக்கவே இந்தக் கணக்கு தொடங்கிய பிறகுதான், அதனால் ஒரு வருஷம்கூட விடுபடாது.