பெயரை அழைப்பதா, கூட்டணியை அழைப்பதா? பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸின் மறுவருகைகள்

பிறவியிலேயே அசாதாரண சக்தி கொண்ட 'மியூட்டன்ட்' வீரர்களின் குழுவைப் பற்றிய எக்ஸ்-மென் கதைகளை 1975 முதல் எழுதிவந்த கிறிஸ் கிளேர்மான்ட், 1991-இல் அந்தத் தொடரை விட்டு விலகினார். அந்த ஆண்டில்தான் ஓவியர் ஜிம் லீயுடன் அவர் தொடங்கிய புதிய 'எக்ஸ்-மென்' முதல் இதழ், கடைகளுக்கு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போய் உலகச் சாதனையும் படைத்திருந்தது. மூன்றாம் இதழோடு அவர் போய்விட்டார். மனத்தில் போட்டு வைத்திருந்த திட்டங்கள் பலவும் அப்படியே நின்றன. 18 ஆண்டுகளுக்குப் பிறகு, 2009-இல், மார்வெல் நிறுவனம் அவரைத் திரும்ப அழைத்து, அந்த மூன்றாம் இதழுக்கு அடுத்து அவர் விரும்பிய வழியில் கதை போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை எழுத இடம் கொடுத்தது. 'எக்ஸ்-மென் ஃபாரெவர்' என்ற பெயரில் அது இரு வாரங்களுக்கு ஓர் இதழாக வந்தது.

மூத்த படைப்பாளிகளை அழைத்துப் பழைய தொடர்களுக்கு உயிர் கொடுக்கும் முயற்சிகள் அமெரிக்கக் காமிக்ஸில் கடந்த கால் நூற்றாண்டாகத் தொடர்ந்து நடந்துவருகின்றன. ஆனால் அவை எல்லாம் ஒரே வகைப்பட்டவை அல்ல. கதையை விட்ட இடத்திலிருந்து தனிப்பாதையில் தொடர விடுவது ஒன்று. நடந்து முடிந்த வரலாற்றின் இடைவெளிகளில் புதுக் கதைகளைச் செருகச் சொல்வது இன்னொன்று. இன்று ஓடிக்கொண்டிருக்கும் தொடரையே பழையவர் கையில் கொடுப்பது மற்றொன்று. அன்று சேர்ந்து உழைத்த குழுவையே மொத்தமாகத் திரும்பக் கூட்டுவது வேறொன்று. இவற்றில் எது பலன் தருகிறது என்பதை, நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்த சில தொடர்களை அருகருகே வைத்து அலசிப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காமிக்ஸில் மீட்கப்பட வேண்டியது ஓர் எழுத்தாளரின் பெயரைவிட, அவரைச் சுற்றி ஒரு காலத்தில் இருந்த வேலை உறவு.

'ஃபாரெவர்' தந்த சுதந்திரம் பெரியது. மார்வெலின் முதன்மைக் கதையோட்டத்தோடு அதற்குத் தொடர்பு வேண்டியதில்லை என்பதால், கிளேர்மான்ட் யாரையும் கொல்லலாம், எதையும் மாற்றலாம். அவர் அதைத் தயங்காமல் பயன்படுத்தினார். தொடங்கிய வேகத்திலேயே, உலோக நகங்களால் சண்டையிடும் வுல்வரின் இறந்துபோகிறார். அவருடைய நகங்களில் ஒன்று குழுவின் இளம் பெண் கிட்டி பிரைடின் கையில் வந்து சேர்கிறது. மியூட்டன்ட்களின் சக்தியே அவர்களை இளமையில் எரித்துத் தீர்த்துவிடுகிறது என்ற அதிர்ச்சியான கருத்து கதையின் அடித்தளமாகிறது. விற்பனைக்கு மிக முக்கியமான பாத்திரத்தை முதல் சில இதழ்களிலேயே எடுத்துவிடும் துணிவு முதன்மைத் தொடரில் யாருக்கும் வாய்க்காது. டாம் கிரம்மெட் வரைந்த பக்கங்களும் தெளிவானவை, கதையை ஒழுங்காக எடுத்துச் சொல்பவை.

இருந்தும் அந்த 24 இதழ்களையும், பின்னர் வந்த 'ஃபாரெவர் 2'-இன் 16 இதழ்களையும் தொடர்ந்து படிக்கும்போது ஒரு குறை புலப்பட்டுக்கொண்டே இருக்கிறது. கிளேர்மான்ட்டுக்கு எதிர்வாதம் செய்ய அங்கே ஆள் இல்லை. 1977 முதல் 1981 வரை அவரும் ஜான் பைர்னும் எக்ஸ்-மெனைக் கொண்டுவந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கதைத்திட்டத்தை இருவரும் சேர்ந்து வகுப்பார்கள். பைர்ன் பக்கங்களை வரைவார். அந்தப் பென்சில் கோடுகளுக்கு டெர்ரி ஆஸ்டின் மை தீட்டுவார். வரைந்து முடித்த பக்கத்துக்கு மேல்தான் கிளேர்மான்ட் வசனம் எழுதுவார். ஒரு பாத்திரத்தை ஒருவர் ஒரு பக்கம் இழுத்தால் மற்றவர் மறுபக்கம் இழுத்தார். அதற்கு மேல் தலைமைப் பதிப்பாசிரியர் ஜிம் ஷூட்டர் இருந்தார். 1980-இல் வந்த 137-ஆம் இதழுக்கு இருவரும் முதலில் தயாரித்த முடிவில், எக்ஸ்-மெனில் ஒருத்தியான ஜீன் கிரே சக்தியைப் பறிகொடுத்து உயிரோடு இருப்பாள். ஒரு முழு உலகத்தையே அழித்தவள் அப்படித் தப்பக்கூடாது என்று ஷூட்டர் மறுத்தார். கடைசி நேரத்தில் பக்கங்கள் திரும்ப வரையப்பட்டன. நிலவில் ஜீன் தன்னைத்தானே அழித்துக்கொண்டாள். முதலில் வரைந்த முடிவை மார்வெல் 1984-இல் தனி இதழாகவே வெளியிட்டதால், இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்க முடிகிறது. முதல் முடிவு இதமானது. அச்சில் வந்ததோ நெஞ்சில் தைப்பது. அந்தத் தொடரின் உச்சம் என்று வாசகர்கள் இன்றும் சொல்லும் காட்சி, எழுத்தாளருக்குக் கொடுத்த சுதந்திரத்தால் விளைந்தது அல்ல. அவருக்கு எழுந்த மறுப்பால் விளைந்தது. 'ஃபாரெவர்' கிளேர்மான்ட்டுக்குக் கொடுக்காமல் விட்டது அதைத்தான்.

இடைவெளிகளில் கதை செருகும் வழிக்கு 2021-இல் தொடங்கிய 'எக்ஸ்-மென் லெஜண்ட்ஸ்' நல்ல எடுத்துக்காட்டு. ஃபேபியன் நிசியேசா, லூயிஸ் சைமன்சன், வால்டர் சைமன்சன், பீட்டர் டேவிட், லாரி ஹாமா ஆகியோர் இரண்டு மூன்று இதழ்கள் வீதம் வந்து, தாங்கள் எழுதிய காலகட்டத்துக்குள்ளேயே ஒரு புதுக் கதையை வைத்துவிட்டுப் போனார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது நிசியேசாவின் முதல் இரண்டு இதழ்கள். 1993-இல் அவர் எழுதிய ஓர் எக்ஸ்-மென் இதழில், வில்லன் மிஸ்டர் சினிஸ்டர், எக்ஸ்-மென் வீரன் ஸ்காட் சம்மர்ஸிடம் பேசும்போது 'சகோதரர்கள்' என்று பன்மையில் வாய் தவறுவது போல ஒரு குறிப்பு வரும். ஸ்காட்டுக்கு அலெக்ஸ் என்ற ஒரே தம்பிதான் என்று அதுவரை நம்பியிருந்த வாசகர்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விவாதித்தார்கள். அந்த மூன்றாமவனாக ஆடம்-எக்ஸ் என்ற பாத்திரத்தை நிசியேசா மனத்தில் வைத்திருந்தார். விடையைச் சொல்லாமலேயே அவர் தொடரை விட்டுப் போக நேர்ந்தது. பிற்பாடு வேறோர் எழுத்தாளர் வல்கன் என்ற வேறொரு பாத்திரத்தை மூன்றாம் சகோதரனாக்கிவிட்டார். 28 ஆண்டுகள் கழித்து நிசியேசா, வல்கனையும் மறுக்காமல் தன் பழைய முடிச்சையும் அவிழ்த்துக் காட்டினார். ஓர் எழுத்தாளர் பட்ட கடனை இவ்வளவு காலம் கழித்து அடைக்கும்போது வாசகருக்குக் கிடைக்கும் நிறைவை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் இந்த வழியில் எதுவும் பணயம் வைக்கப்படுவதில்லை. கதை பழைய இதழ்கள் இரண்டுக்கு நடுவில் நடக்கிறது என்பதால் யார் பிழைப்பார், யார் பிரிவார் என்பது முன்பே தெரியும். 'ஃபாரெவர்' எதையும் மாற்றலாம், ஆனால் மாற்றியது வேறெங்கும் செல்லுபடியாகாது. 'லெஜண்ட்ஸ்' சொல்வது முதன்மைக் கதையில் செல்லும், ஆனால் அது எதையும் மாற்றக்கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் முன்னதைத் தேர்ந்தெடுப்பேன். மூத்த படைப்பாளியிடம் நாம் எதிர்பார்ப்பது அவருடைய முடிவெடுக்கும் திறனை. முடிவெடுக்க இடமில்லாத கதையில் மிஞ்சுவது அவருடைய வசன நடை மட்டுமே.

இன்றைய தொடரையே பழையவரிடம் ஒப்படைக்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அதன் சிக்கல் வெளிப்படையானது. இதே ஜிம் ஷூட்டர், 14 வயதுச் சிறுவனாக 1966-இல் டிசி நிறுவனத்தின், எதிர்கால உலகின் இளம் வீரர்களைப் பற்றிய 'லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்' கதைகளை எழுதத் தொடங்கியவர். ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து அந்தத் தொடருக்குத் திரும்பினார். ஆனால் அவர் வந்து சேர்ந்த லீஜன் அவருடையதாக இல்லை. இடையில் வேறு எழுத்தாளர்கள் அதை அடியோடு கலைத்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பெயர்கள் மட்டும் பழையவை. ஃபிரான்சிஸ் மானபுல்லின் ஓவியங்களோடு அவர் வளர்த்துக்கொண்டிருந்த நீண்ட கதை 2009-இல் 49-ஆம் இதழோடு நின்றுபோனது. இறுதியான 50-ஆம் இதழ் ஒரு புனைபெயரில் வேறொருவர் எழுதி வெளிவந்தது. தன் சொந்த முடிவைத் தன் கையால் எழுதவும் இடம் தராமல் ஒரு மூத்தவரை அழைத்து வருவதில் என்ன பொருள் இருக்கிறது?

தன் படைப்பின் தொடர்ச்சியைப் படைப்பாளியே எழுதி வரையும்போது மேற்சொன்ன தடைகள் எதுவும் இருக்காது என்று தோன்றலாம். ஃபிராங்க் மில்லர் 1986-இல் படைத்த 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' நூலையும், 2001-இல் அவரே தொடங்கிய 'தி டார்க் நைட் ஸ்ட்ரைக்ஸ் அகெய்ன்' நூலையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக விரித்து வைத்துப் பார்த்தால் உண்மை வேறு என்பது தெரியும். முதல் நூலின் பக்கங்கள் 16 கட்டங்கள் கொண்ட ஒரு சட்டகத்தின் மீது அமைந்தவை. தொலைக்காட்சிச் செய்திகள் சிறு கட்டங்களாக அடுக்கடுக்காக ஓடி, மூச்சு முட்டும் நேரத்தில் ஒரு முழுப்பக்கத்தில் பேட்மேன் எழுவார். அந்தக் கோடுகளுக்கு மை தீட்டியவர் கிளாஸ் ஜேன்சன். மில்லரின் முரட்டு உருவங்களைக் கோத்தம் நகரின் புகையிலும் மழையிலும் ஊன்றி நிறுத்தியது அவருடைய தூரிகை. வண்ணம் தீட்டிய லின் வார்லி சாம்பலும் நீலமும் கலந்த மங்கிய நிறங்களைப் பரப்பியிருந்தார். இரண்டாம் நூலில் ஜேன்சன் இல்லை. மில்லரே மை தீட்டினார். வார்லி இருந்தார், ஆனால் கணினியில் புதிதாகச் சோதித்துப் பார்த்த கண்ணைப் பறிக்கும் நிறங்களோடு. உருவங்கள் பல பக்கங்களில் பின்னணியே இல்லாமல் வெற்று நிறத்தின் மேல் மிதக்கின்றன. அந்த நூலின் கோபத்தையும் துணிச்சலையும் மதிக்கிறேன். ஆனால் நகரம் இல்லாத பேட்மேன் கதையில் எனக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கவில்லை. 2015-இல் மூன்றாம் பாகம் வந்தபோது, பிரையன் அசரெல்லோ எழுத்தில் கைகொடுக்க, ஆண்டி குபெர்ட் வரைய, ஜேன்சன் மீண்டும் மை தீட்ட வந்தார். அப்போதுதான் கோத்தமுக்குத் தெருவும் இருளும் திரும்பின.

குழுவையே திரும்பக் கூட்டிய முயற்சிக்கு நான் காட்டும் சான்று 2003-இல் வந்த 'ஃபார்மர்லி நோன் அஸ் தி ஜஸ்டிஸ் லீக்'. 1987-இல் டிசியின் வீரர் குழுவான ஜஸ்டிஸ் லீக்கை நகைச்சுவைப் பாதைக்குத் திருப்பிய கீத் கிஃபன், ஜே.எம். டிமேட்டிஸ், கெவின் மெக்வயர் மூவரும் ஆறு இதழ்களுக்காக மறுபடி சேர்ந்தார்கள். மை தீட்ட ஜோ ரூபின்ஸ்டைன் வந்தார். அவர்களுடைய வேலைமுறையே அலாதியானது. கிஃபன் கதையைச் சிறு கிறுக்கல் ஓவியங்களாகப் பக்கம் பக்கமாக வகுத்துத் தருவார். அதன்மேல் டிமேட்டிஸ் தன் போக்கில் வசனம் எழுதுவார். மெக்வயர் அந்த வசனத்துக்கு முகங்களைத் தருவார். மெக்வயரைப் போல முகம் வரைபவர் சூப்பர் ஹீரோ காமிக்ஸில் மிகச் சிலரே. ஒருவர் பேசும் கட்டத்தில் பின்னால் நிற்கும் மற்ற நால்வரின் புருவமும் உதடும் நான்கு வேறு கதைகளைச் சொல்லும். புதிய தொடரில் புளூ பீட்டில் பொறுப்பானவனாக மாற முயல்கிறான். பூஸ்டர் கோல்ட் தன்னைவிட வயதில் மிகவும் மூத்த பணக்காரப் பெண்ணை மணந்திருக்கிறான். மேக்ஸ்வெல் லார்ட் சாதாரண மக்கள் அழைக்கக்கூடிய வீரர்கள் என்று தொலைக்காட்சியில் விளம்பரம் செய்கிறான். நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாறுவது போலவே அவர்களும் மாறியிருந்தார்கள். 2004-இல், அமெரிக்கக் காமிக்ஸின் முக்கிய விருதான ஐஸ்னர், சிறந்த நகைச்சுவை வெளியீட்டுக்காக அதற்குக் கிடைத்தது.

அதன் தொடர்ச்சி 2005-இல் 'ஜேஎல்ஏ: கிளாசிஃபைட்' (ஜேஎல்ஏ என்பது ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்காவின் சுருக்கம்) இதழ்களில் வந்தபோது டிசி அந்தப் பாத்திரங்களை வேறு இடத்தில் பலிகொடுத்துக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருத்தியான சூ டிப்னி முந்தைய ஆண்டே வேறொரு தொடரில் கொல்லப்பட்டிருந்தாள். புளூ பீட்டிலை அதே மேக்ஸ்வெல் லார்ட் நெற்றியில் சுடும் கதையும் 2005-இல்தான் வெளியானது. அந்த நிழலில் வந்த இதழ்களில், நண்பர்கள் எல்லோரும் நரகத்துக்குப் போய் அங்கே இறந்துபோன தங்கள் தோழி 'ஐஸ்' என்பவளைக் காண்கிறார்கள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அவளை வெளியே அழைத்து வரும்போது, அவளுடைய உயிர்த்தோழி ஃபயர் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிடுகிறாள். பக்கத்துக்குப் பக்கம் சிரிக்க வைத்துக்கொண்டே வந்த அதே மூவர், அந்த ஒரு முகத்தில் வாசகரை நிறுத்திவிடுகிறார்கள். வேறு ஓவியர் அங்கே இருந்திருந்தால் அந்த இடம் வெறும் கதைத்திருப்பமாகக் கடந்துபோயிருக்கும்.

என் வாதத்துக்கு எதிரான சான்றையும் சொல்ல வேண்டும். கிளேர்மான்ட்டும் பைர்னும் 2004-இல் உண்மையாகவே மறுபடி சேர்ந்தார்கள், ஆனால் டிசியின் 'ஜேஎல்ஏ' தொடரில், ஆறு இதழ்களுக்கு. அந்தக் கதை பெரிய வரவேற்பைப் பெறவில்லை. எனக்கும் அது சூடில்லாத கதையாகவே பட்டது. சூப்பர்மேனும் வொண்டர் வுமனும் அவ்விருவரும் சேர்ந்து சண்டையிட்டு வளர்த்த பிள்ளைகள் அல்லர். ஆகவே குழுவைக் கூட்டினால் மட்டும் போதாது, அவர்கள் எதன் மேல் மோதிக்கொண்டார்களோ அந்தப் பாத்திரங்களும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். பழைய இதழ்களை அழகிய தாளில் மறுபதிப்புச் செய்வதை விட இதற்குச் செலவும் சிரமமும் அதிகம் என்பதை அறிவேன். ஆனால் காலம் காத்திருப்பதில்லை. கீத் கிஃபன் 2023-இல் மறைந்தார். ஜிம் ஷூட்டரும் பீட்டர் டேவிட்டும் 2025-இல் மறைந்தார்கள்.

ஜான் பைர்ன், தான் விட்டுவந்த எக்ஸ்-மென் வேறு வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கடந்த சில ஆண்டுகளாகத் தனியாகவே எழுதி, பென்சிலில் வரைந்து, 'எல்ஸ்வென்' என்ற பெயரில் தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டு வந்திருக்கிறார். அவற்றைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கோடுகளில் உறுதி இருக்கிறது, கட்டங்களில் வேகம் இருக்கிறது, ஆனால் வசனக் குமிழிகளில் கிளேர்மான்ட்டின் குரல் இல்லை. 'ஃபாரெவர்' இதழ்களில் அந்தக் குரல் உண்டு, பைர்னின் கோடுகள் இல்லை.