பாஸ் யார் கையில்? அரேஞ்சர் கீபோர்டில் கார்டு கண்டறியும் முறைகள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

இடது கை காட்டும் கார்டுக்கு (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஏற்பத் தாளம், பாஸ் (அடித்தளமான கீழ்ஸ்வர வரிசை) முதலிய பின்னணியைத் தானே வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டை வாங்குவோர் பெரும்பாலும் ஸ்டைல்களின் (பின்னணி வாசிப்பு வடிவங்கள்) எண்ணிக்கையையும் ஒலிகளின் தரத்தையும்தான் விசாரிக்கிறார்கள். இடது கை அழுத்தும் கட்டைகளைக் கருவி எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும் அமைப்பை, வாங்கிய நாளில் இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள். மெல்லிசை மேடையிலும் ஆலயப் பாடல்களுக்கும் யமஹாவின் பி.எஸ்.ஆர். வரிசைக் கருவிகளையும், 2019-இல் வெளிவந்த எஸ்.எக்ஸ்.900-ஐயும் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற முறையில், ஒரே ஸ்டைல் ஒருவரிடம் உயிரோடும் இன்னொருவரிடம் தட்டையாகவும் ஒலிப்பதற்கு இந்த அமைப்பும் ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

ஒன்றிரண்டு விரல்களாலேயே கார்டைக் குறிக்கும் சிங்கிள் ஃபிங்கர் முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. யமஹாவில் கார்டுக்குப் பெயர் தரும் மூல ஸ்வரத்தை மட்டும் அழுத்தினால் மேஜர் என்ற கார்டு வகை. அதற்கு இடப்பக்கம் அருகிலுள்ள கறுப்புக் கட்டையைச் சேர்த்தால் மைனர். வெள்ளைக் கட்டையைச் சேர்த்தால் செவன்த். இரண்டையும் சேர்த்தால் மைனர் செவன்த். கேசியோவின் எளிய முறையிலோ வலப்பக்கக் கட்டைகளின் எண்ணிக்கைதான் கணக்கு என்பதால், சி-யோடு இ-யை (இவை மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்) அழுத்தினால்கூட சி மைனரே ஒலிக்கும். மேஜர் கார்டுக்கு உரிய ஸ்வரத்தையே அழுத்தி மைனரைப் பெறும் இந்த விநோதம், இசையைக் கற்க விரும்பும் மாணவரின் காதுக்கு நல்லதல்ல. மாணவர்களை முதல் நாளிலிருந்தே, கார்டின் ஸ்வரங்களை உள்ளபடியே பிடிக்கும் ஃபிங்கர்டு முறையில் மூன்று விரல்களால் வாசிக்கச் சொல்வதே என் வழக்கம்.

ஃபிங்கர்டு முறைக்கும் ஃபிங்கர்டு ஆன் பாஸ் முறைக்கும் உள்ள வேறுபாடுதான் விரிவாகப் பேசத் தக்கது. ஃபிங்கர்டு முறையில் இ-ஜி-சி என்று எந்த அடுக்கில் பிடித்தாலும் கருவி அதை சி மேஜர் என்றே கொண்டு, பாஸ் கிட்டாருக்கு சி ஸ்வரத்தையே கொடுக்கிறது; கையை அதிகம் நகர்த்தாமல் கார்டு மாற்றுபவர்களுக்கு இது பெரிய சலுகை. ஆன் பாஸ் முறையில், கார்டுப் பகுதியில் நாம் அழுத்தும் ஆகக் கீழான கட்டை எதுவோ அதுவே பாஸ். சி, பிறகு பி-யை பாஸாகக் கொண்ட ஜி, பிறகு ஏ மைனர் என்று இறங்கிவரும் போக்கு மெல்லிசைப் பாடல்களில் அடிக்கடி வரும். ஃபிங்கர்டில் சி-யிலிருந்து ஜி-க்குத் தாவிப் பின் ஏ-க்கு ஏறும் அந்த பாஸ், ஆன் பாஸில் படிப்படியாக இறங்கும்போது பாடுபவருக்கே அந்த வேறுபாடு தெரிகிறது. இதற்கான விலை, சோம்பல் பிடிகளைக் கைவிட வேண்டியிருப்பதுதான். சி மேஜரிலிருந்து எஃப்-க்குப் போகையில் சுண்டுவிரலை சி-யிலேயே வைத்து சி-எஃப்-ஏ என்று பிடித்தால், பாஸ் எஃப்-க்கு நகராமல் சி-யிலேயே நின்றுவிடும். இடது கையை மறுபடியும் பழக்குவதற்குப் பல மாதங்கள் ஆகும் என்றாலும், அந்த உழைப்பு வீண்போவதில்லை.

மோகன ராகச் சாயலுள்ள பாடல்களில் வேறொரு சிக்கல் உண்டு. ச, க, ப, த ஆகிய நான்கு ஸ்வரங்களையும் சேர்த்துப் பிடித்தால், சி-யை ஆதாரமாகக் கொள்ளும்போது அது சி சிக்ஸ்த்தாகவும் இருக்கலாம், ஏ மைனர் செவன்த்தாகவும் இருக்கலாம். ஸ்வரங்கள் ஒன்றே என்பதால் கருவியைக் குறை சொல்ல இடமில்லை. யமஹாவில் சி கீழே இருந்தால் சிக்ஸ்த். ஏ கீழே இருந்தால் மைனர் செவன்த். கேசியோவின் ஃபிங்கர்டு 2 முறையோ சிக்ஸ்த்தை அறவே தவிர்த்து மைனர் செவன்த்தாகவே எடுத்துக்கொள்கிறது. காந்தாரமே ஒலிக்கக் கூடாத இடங்களில் ச-ப என்ற இரண்டு கட்டைகள் மட்டும் போதும். யமஹாவின் ஃபிங்கர்டு முறை அதையும் ஒரு கார்டாக ஏற்று, மேஜர்-மைனர் சாயல் இல்லாத பின்னணியைத் தருகிறது. தம்புரா போன்ற நிலையான ஆதாரம் தேவைப்படும் விருத்தங்களுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் கண்டதில்லை. ஏஐ ஃபிங்கர்டு, மூன்றுக்குக் குறைவான கட்டைகளை முந்தைய கார்டை வைத்து ஊகிக்கும் முறை. ஆகவே விருத்தத்திற்கு அதை நான் நாடுவதில்லை.

ஏஐ ஃபுல் கீபோர்டு முறையில் பியானோ வாசிப்பதுபோல் இரு கைகளாலும் வாசிக்கலாம். கருவியே கார்டை ஊகிக்கும். நைன்த், லெவன்த், தர்ட்டீன்த் கார்டுகள் அதற்கு எட்டா. மெதுவான கீர்த்தனைகளுக்குச் சரி; வலது கையில் கமகமும் வேகமான ஸ்வரக் கோவைகளும் வரும் பாடல்களில் ஸ்டைல் நிலைகொள்ளாமல் அலைவதால், அங்கே அதைத் தவிர்த்துவிடுகிறேன்.

கார்டுப் பகுதியின் அளவையும் கவனிக்க வேண்டும். 61 கட்டைக் கருவிகளில் ஸ்பிளிட் பாயிண்ட் (இடது, வலது கைப் பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக் கட்டை) வழக்கமாக எஃப் ஷார்ப் 2-இல் இருக்கும். இடது கைக்கு 19 கட்டைகள் கிடைக்கும். ஃபிங்கர்டுக்கு இது தாராளம். ஆன் பாஸில் கீழே பாஸும் மேலே கார்டுமாக விரித்துப் பிடிக்கும்போது நெருக்கடியாகத் தோன்றினால், எல்லையை இரண்டு மூன்று கட்டைகள் மேலே நகர்த்தி, வலது கையின் ஒலியை ஓர் ஆக்டேவ் கீழிறக்கிக்கொள்ளலாம். எஸ்.எக்ஸ்.900-இல் கால் பெடலுக்கு ஃபிங்கர்டு, ஆன் பாஸ் இரண்டுக்குமிடையே மாறும் பணியைக் கொடுத்துவிட்டால், சரணத்தில் பாஸ் இறங்கும் இடங்களில் மட்டும் ஆன் பாஸுக்குப் போய்த் திரும்பலாம். ஒரே முறையில் முழுப் பாடலையும் வாசிக்கும் கட்டாயமில்லை.