புதுச்சேரியிலேர்ந்து சேந்தமங்கலம் வரைக்கும் ஒரு நாள் "போர்க்கள டூர்" - போய்ட்டு வந்துட்டேன், 5க்கு 3.5

முதல்லயே சொல்லிடறேன், நான் கடலூர் திருப்பாப்புலியூர்காரன், அதாவது திருப்பாதிரிப்புலியூர். அதனால இந்த ரிவ்யூல சொந்த ஊர் கோவம் கொஞ்சம் கலந்துருக்கும், கழிச்சிட்டு படிங்க. டூர் நடத்துறவங்க பேரு போடல, நாலஞ்சு பசங்க சேர்ந்து புதுச்சேரில நடத்துற சின்ன டீம், குறை சொல்லி பொழப்ப கெடுக்க வேணாம்னு பாக்கறேன். ஆளுக்கு 1,400 ரூபாய், ஏசி டெம்போ டிராவலர், காலை டிபன் மதிய சாப்பாடு எல்லாம் சேத்து. வண்டி சுத்தமா இருந்துச்சு, டிரைவர் அண்ணன் தங்கமான மனுஷன், ஹாரனே அடிக்கல. டிபன் மட்டும் மோசம், பொங்கல் ஆறிப்போய் செங்கல் மாதிரி இருந்துச்சு.

காலைல ஆறரைக்கு பீச்ல காந்தி சிலை எதிர்ல போர் நினைவுச்சின்னத்துலேர்ந்து ஆரம்பிக்கறாங்க. முதல் உலகப்போர்ல பிரெஞ்சு இந்தியாலேர்ந்து போய் செத்தவங்களுக்காக 1938ல திறந்தது. வருஷா வருஷம் ஜூலை 14 லைட் போட்டு மலர்வளையம் வச்சு மரியாதை பண்றாங்க. பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டு போயி எழுபது வருஷம் தாண்டிருச்சு, ஆனா அந்த ஒரு நாள விடல பாருங்க. இதே ஊர 1761 ஜனவரில இங்கிலீஷ்காரன் மாசக்கணக்கா முற்றுகை போட்டு, பட்டினி போட்டு பிடிச்சு, கோட்டைய தரைமட்டம் ஆக்கினான், அதுக்கு மாலை போட ஆள் கிடையாது. கைடு தம்பி இத நல்லா சொன்னாப்ல, தோத்த சண்டைக்கு எந்த நாடும் லைட் போடாது சார்னு. முழுசா ஒத்துக்க முடியல, அதுக்கு பின்னாடி வரேன்.

அடுத்து கடலூர். செயின்ட் டேவிட் கோட்டைன்னு தேவனாம்பட்டினம் பக்கம் வெயில்ல முக்கால் மணி நேரம் நிக்க வச்சிட்டாங்க, இங்கதான் எனக்கு கடுப்பு ஆரம்பிச்சது. கம்பெனிக்காரன் 1690ல மராத்தாகாரங்ககிட்ட கோட்டைய வாங்கறப்ப, பீரங்கி குண்டு போய் விழற தூரம் வரைக்கும் நிலம் உனக்குன்னு ஒப்பந்தம், அதான் இன்னும் குண்டு சாலை, குண்டு உப்பலவாடின்னு பேர் இருக்குங்கற கதைய நான் மூணாங்கிளாஸ்லேர்ந்து கேக்கறேன், அத இருவது நிமிஷம் இழுத்தாப்ல. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், 1783 ஜூன் சண்டைய பத்தி சொன்னது எனக்கே புதுசு. 13ம் தேதி தரையில, 20ம் தேதி கடல்ல, பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் கடலூர வச்சு அடிச்சிக்கறான். அது அமெரிக்க சுதந்திரப் போரோட ஒரு வால், ஐரோப்பாவுல ஜனவரிலயே பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாயிருச்சு, அந்த சேதி கப்பல்ல வந்து சேர ஜூன் கடைசி ஆயிருச்சு. முடிஞ்சு போன சண்டைக்கு எங்க ஊர்ல நூத்துக்கணக்குல ஆளுங்க செத்திருக்கானுங்க.

இப்ப மெயின் மேட்டர். திருவந்திபுரம் தேவநாதசாமி கோயிலுக்கு வண்டி போய் சேரும்போது மணி 11.40. பன்னெண்டுக்கு நடை சாத்திருவாங்க. நான் காசு கட்டினதே, சிறைபட்ட சோழ ராஜாவ மீட்ட கதைய சொல்ற இங்க இருக்கற ஒரு கல்வெட்டுக்காக, அதுக்கு இருவது நிமிஷம்! தேவநாதசாமிய சேவிச்சிட்டு ஓட்டமா ஓடி கைடு காட்டின சுவர் முன்னாடி நின்னோம். கீழ் வரிசை எழுத்தெல்லாம் கை பட்டு பட்டு வழவழன்னு ஆயிருச்சு, மேல கொஞ்சம் எண்ணெய் பிசுக்கு, மொபைல் டார்ச்ச பக்கவாட்டுல பிடிச்சாதான் எழுத்து எழும்பி நிக்குது. "திரிபுவனச் சக்கரவர்த்திகள் ராஜராஜ தேவர்க்கு யாண்டு"ன்னு ஆரம்பிக்கறத படிச்சதும் பின்னாடி நின்ன அக்கா "பெரிய கோயில் கட்டினவரா?"ன்னு கேட்டாங்க. இல்லக்கா, அவர் முதலாம் ராஜராஜன், இவரு இருநூறு வருஷம் கழிச்சு வந்த மூணாம் ராஜராஜன், பாவப்பட்ட ராஜா.

நடந்தது என்னன்னா, சுமார் 1231ல கோப்பெருஞ்சிங்கன்னு ஒரு குறுநில ராஜா, காடவர் குலம், நம்ம ஜில்லா ஆளுன்னே வச்சிக்கோங்க, சோழ சக்கரவர்த்தியவே பிடிச்சு சேந்தமங்கலத்துல அடைச்சு வச்சிட்டான். சேதி தெரிஞ்சதும் கர்நாடகத்த ஆண்ட ஹொய்சள ராஜா வீரநரசிம்மன், சோழன மறுபடி உக்கார வைக்காம எக்காளம் ஊத மாட்டேன்னு சபதம் போட்டு தன் தலைநகர் தோரசமுத்திரத்துலேர்ந்து கிளம்பறான். அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன்னு ரெண்டு தளபதிங்கள அனுப்பறான். அவங்க வழியெல்லாம் ஊர அழிச்சிட்டே வந்து, நடுவுல சிதம்பரம் பொன்னம்பலத்துல சாமி கும்பிட்டு, திருப்பாதிரிப்புலியூர்ல தங்கி, பண்ருட்டி பக்கத்து திருவதிகைய அழிச்சு, சேந்தமங்கலத்துக்கு கிழக்க கடல் வரைக்கும் கொளுத்தி கொள்ளையடிச்சு, பொம்பளைங்கள பிடிச்சிட்டு போனோம்னு பெருமையா எழுதி வச்சிருக்காங்க. கடைசில கோப்பெருஞ்சிங்கன் பயந்து சோழன விட்டுட்டான். எழுதினது கன்னட ராஜாவோட வெற்றி, மொழி தமிழ், வருஷக்கணக்கு தோத்துப்போய் ஜெயில்ல இருந்த சோழனோட ஆட்சி வருஷம். இந்த மாதிரி ஒரு நினைவுச்சின்னம் வேற எங்க இருக்குன்னு தெரியல.

எங்க வண்டில பெங்களூர்லேர்ந்து ஒரு தம்பதி வந்திருந்தாங்க. ஹளேபீடு, பேலூர்னா அவங்களுக்கு உசுரு, 2023ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்ததும் ரெண்டு தடவ போனாங்களாம். அந்த ஹளேபீடுதான் தோரசமுத்திரம்னு சொன்னதும் அவருக்கு ஒரே குஷி, அப்புறம் நான் படிச்சு அர்த்தம் சொல்ல சொல்ல முகம் கொஞ்சம் கொஞ்சமா மாறிடுச்சு. "சார், அப்ப எங்க ஆளுங்க உங்க ஊர கொளுத்தினாங்களா?"ன்னாரு. "இல்ல சார், எங்க ஊர்ல தங்கினாங்க, பக்கத்து ஊர கொளுத்தினாங்க"ன்னேன். சிரிச்சிட்டோம். ஆனா கைடு நாள் பூரா "நம்ம சோழர் நம்ம சோழர்"னு சொன்னது அதுக்கப்புறம் காதுல உறுத்த ஆரம்பிச்சது. கடலூர்காரனுக்கு இதுல நம்ம ஆளு யாரு? சக்கரவர்த்தியா, அவன பிடிச்சு அடைச்சவனா, எரிஞ்சு போன திருவதிகைல குடியிருந்தவனா? அத கேட்டேன், தம்பி "நல்ல கேள்வி சார்"னு சொல்லிட்டு வண்டில ஏறிட்டாப்ல.

பண்ருட்டி தாண்டி சாப்பாடு, இது அருமை, பலாக்கொட்ட போட்ட குழம்பு, ரெண்டாவது தடவ சாதம் கேட்டாலும் முகம் சுளிக்கல. அங்கதான் தம்பி 1410 கிரன்வால்ட் சண்டைய எடுத்தாப்ல. போலந்தும் லிதுவேனியாவும் சேர்ந்து டியூடானிக்ங்கற ஜெர்மன் மதப்போர் வீரர்கள தோக்கடிச்ச சண்டை, போலந்துல ஜூலை மாசம் இரும்பு கவசம் போட்டுட்டு அதே மைதானத்துல திரும்ப நடிச்சு காட்டறாங்க, லிதுவேனியால அதே சண்டைக்கு ஜல்கிரிஸ்னு பேரு, கவுனாஸ் பாஸ்கெட்பால் டீமுக்கே அந்த பேர்தான். தோத்த ஜெர்மன்காரன் ஐநூறு வருஷம் கழிச்சு 1914ல அந்த பக்கம் ரஷ்யாவ ஜெயிச்சப்ப, வேணும்னே அந்த 1410 தோல்விக்கு அவங்க ஊர்ல சொல்ற டானன்பர்க்ங்கற பேர இதுக்கும் வச்சு பெரிய மண்டபமும் கட்டினான். காலைல சொன்ன "தோத்த சண்டைக்கு லைட் போட மாட்டாங்க" அங்கயே அடிபட்டு போச்சு, அத நான் சொன்னேன், தம்பி தலைய சொறிஞ்சாப்ல. எனக்கு தோணினது தெள்ளாறு. அங்க ஒன்பதாம் நூற்றாண்டுல பல்லவ நந்திவர்மன் பாண்டியன ஜெயிச்சு "தெள்ளாறு எறிந்த"ன்னு பட்டம் வச்சிக்கிட்டான், அதே இடத்துலதான் பல்லவ வம்சம்னு சொல்லிக்கிட்ட கோப்பெருஞ்சிங்கன் சோழன தோக்கடிச்சான்னு அவனோட வயலூர் கல்வெட்டு சொல்லுது. வந்தவாசி பக்கம்தான், ஆனா டூர்ல கிடையாது.

சாயங்காலம் சேந்தமங்கலம். கெடிலம் ஆத்தங்கரைதான் இதுவும், திருவந்திபுரம் மாதிரியே. கல் குதிரைங்க ரெண்டு நிக்குது, பக்கத்துல ஆடு மேயுது, சின்ன பையன் ஒருத்தன் குதிரை மேல ஏறி உக்காந்து டாட்டா காட்டறான். சக்கரவர்த்திய அடைச்சு வச்ச ஊர்னு கைடு சொல்லலன்னா யாருக்கும் தெரியாது. பெங்களூர் சார்தான் எங்கள விட அதிக நேரம் நின்னு போட்டோ எடுத்தாரு.

போறவங்களுக்கு: தண்ணி ரெண்டு பாட்டில் எடுத்துக்கோங்க, கோயில் கல்தரை பதினொரு மணிக்கே சுடுது, சாக்ஸ் போட்டுக்கோங்க. டார்ச் கண்டிப்பா வேணும். கோட்டைய சாயங்காலத்துக்கு தள்ளிட்டு திருவந்திபுரத்துக்கு காலைல எட்டு மணிக்கே போங்கப்பா, அந்த கல்வெட்டு முன்னாடி ஒரு மணி நேரம் விடுங்கன்னு அவங்க நம்பருக்கு மெசேஜ் போட்டேன். கட்டைவிரல் ஒண்ணு அனுப்பிருக்காங்க. மாத்தினாங்கன்னா திருவதிகைலயும் ஒரு பத்து நிமிஷம் வண்டிய நிறுத்த சொல்லி இன்னொரு தடவ காசு கட்டறதா இருக்கேன்.