குதிரைப் பெயர்களின் பொருள் தேடி ஓர் அரைநாள்: மெல்பேர்ண் சுற்றுலா ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

மெல்பேர்ண் நகரில் பந்தயக் குதிரைகளின் பெயர்களையும் அவை பிறந்த கதைகளையும் மட்டுமே பொருளாகக் கொண்டு, எட்டுப் பேருக்கு மேற்படாத குழுக்களை அழைத்துச் செல்லும் அரைநாள் சுற்றுலா ஒன்றுக்குச் சென்ற மாதம் மகளுடன் போயிருந்தேன். பந்தயத்திலும் பணயத்திலும் எனக்கு நாட்டமில்லை. சொற்பிறப்பில் உள்ள ஆர்வத்தால் மட்டுமே போனேன். அந்த ஆர்வம் உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆயினும் அவர்கள் தரும் கையேட்டில் நான் கண்ட ஒரு பிழையையும் சொல்லாமல் விடுவது முறையாகாது.

சுற்றுலா கார்ல்டன் பூங்காவில் உள்ள மெல்பேர்ண் அருங்காட்சியகத்தில், ஃபார் லாப் என்னும் குதிரையின் பதப்படுத்திய உடல் நிற்கும் கண்ணாடிப் பேழையின் முன்னால் தொடங்குகிறது. 1926இல் நியூசிலாந்தில் பிறந்து, 51 பந்தயங்களில் ஓடி 37இல் வென்று, 1930இல் மெல்பேர்ண் கிண்ணத்தையும் பெற்ற இக்குதிரை, 1932இல் கலிபோர்னியாவில் இறந்தது. அதன் தோல் மெல்பேர்ணிலும், எலும்புக்கூடு வெலிங்டனிலும், இதயம் கன்பராவிலுமாக இன்று மூன்று நகரங்களில் இருக்கின்றன. குதிரை லாயங்களில் பல ஆண்டுகள் வேலை செய்தவரான எங்கள் வழிகாட்டி இவற்றையெல்லாம் சில நிமிடங்களில் சொல்லி முடித்துவிட்டுப் பெயருக்கு வந்தார். அதன் பிறகு அவர் பேசிய அரைமணி நேரத்துக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம்.

சிட்னியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஓப்ரி பிங் என்னும் மாணவர்தான் இப்பெயரைக் கொடுத்தவர். தென்சீனத்தில் வழங்கும் சுவாங் மொழிக்கும் தாய்லாந்தின் தாய் மொழிக்கும் பொதுவான, மின்னலைக் குறிக்கும் சொல் அது. தாய் மொழியில் 'ஃபா' என்றால் வானம். 'லேப்' என்றால் ஒரு கணம் பளிச்சிடுதல். பயிற்சியாளர் ஹரி டெல்ஃபர்ட்டுக்குச் சொல் பிடித்திருந்தது, ஆனால் எழுத்துக்கணக்கு பிடிக்கவில்லை. மெல்பேர்ண் கிண்ணத்தை வென்ற குதிரைகள் பலவற்றின் பெயர்கள் ஆங்கிலத்தில் ஏழெழுத்தாகவும் இரு சொற்களாகவும் இருந்ததைக் கண்டு, முதல் ஒலிக்கு ஓரெழுத்துக்குப் பதிலாக ஈரெழுத்தை இட்டு, சொல்லையும் இரண்டாகப் பிரித்தார். தந்தைக் குதிரையின் பெயர் நைட் ரெய்ட், அதாவது இரவுத் தாக்குதல். இரவில் பாய்ந்ததற்கு வானில் ஒளிர்ந்தது பிள்ளையாகப் பிறந்ததுபோல அந்த இரண்டு பெயர்களும் பொருந்தி நிற்பதை வழிகாட்டி சுட்டிக்காட்டியபோது, குழுவில் இருந்த எல்லோரும் பேழையை மறுபடி ஒருமுறை பார்த்தோம்.

நான் சொன்ன பிழை இந்த இடத்தில்தான் இருக்கிறது. வழிகாட்டி வாயால் சொன்னது சரியாக இருக்க, அச்சிட்ட கையேடோ இது மின்னலைக் குறிக்கும் சிங்களச் சொல் என்றது. நான் கொழும்பில் படித்து, அங்கேயே பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். சிங்களத்தில் மின்னலை 'விதுலிய' என்றும், இடிமின்னலை 'அகுண' என்றும் சொல்வார்கள். ஃபார் லாப் என்பதற்கு அருகில் வரும் சொல் எதுவும் அதில் இல்லை. இதை எடுத்துச் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை. பழைய எழுத்துகளிலும் இத்தவறு உண்டென்றும், கையேட்டைத் தயாரித்தவர்கள் அதிலிருந்து எடுத்திருக்க வேண்டுமென்றும் சொல்லி, என் வாயால் இரண்டு சொற்களையும் குழுவுக்குச் சொல்லச் செய்தார். பெயரின் பொருளைக் காசு வாங்கிக்கொண்டு சொல்பவர்கள், அந்த மொழியைப் பேசும் ஒருவரிடமாவது கேட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கோடிக்கணக்கானோர் பேசும் மொழி. கேட்பதற்கு ஆள் கிடைக்காத நகரமும் இதுவன்று.

அங்கிருந்து சிற்றுந்தில் ஃபிளமிங்டன் பந்தயத் திடலுக்கு அழைத்துச் செல்கிறார்கள். வழியில், பெயர் பதிவதற்கான விதிகளைச் சொன்னார். இடைவெளியையும் சேர்த்துப் பதினெட்டு எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது; புகழ்பெற்ற குதிரைகளின் பெயர்களைப் பிறகு எவரும் மறுபடி இட முடியாதபடி காத்து வைக்கும் பட்டியலும் உண்டு. இந்த நெருக்கடிக்குள் பெற்றோரின் பெயரைத் தொட்டுக்கொண்டு பிள்ளைக்குப் பெயர் வைப்பதே பந்தய உலகில் பழைய வழக்கம். மஸ்கெட் என்னும் நெட்டைத் துப்பாக்கியின் பெயர் கொண்ட குதிரைக்குப் பிறந்தது கார்பைன், அதாவது குட்டைத் துப்பாக்கி; 1890இல் முப்பத்தொன்பது குதிரைகள் ஓடிய மெல்பேர்ண் கிண்ணத்தை அது வென்றது. 2003 முதல் 2005 வரை தொடர்ந்து மூன்று முறை அதே கிண்ணத்தை வென்ற மக்கைபி டீவாவின் பெயருக்கோ எந்த அகராதியிலும் பொருளில்லை. சூரை மீன் தொழில் செய்த உரிமையாளர், தம்மிடம் வேலை பார்த்த ஐந்து பெண்களின் பெயர்களிலிருந்து முதல் இரண்டிரண்டு எழுத்துகளை எடுத்துக் கோத்த பெயர் அது. அலுவலகத்தில் உழைத்த ஐவரின் பெயரை ஒரு திடலே எழுந்து நின்று கூவியிருக்கிறது என்பது, மின்னலைவிடவும் என் மனத்தில் நின்றது.

திடலில் ஃபார் லாப்பின் வெண்கலச் சிலையடியில் லாயப் பெயர்களைப் பற்றிப் பேசினார். நம் வீடுகளில் பள்ளிப் பதிவேட்டுக்கு ஒரு பெயரும் வீட்டில் கூப்பிட ஒரு பெயரும் இருப்பதைப் போலவே, குதிரைகளுக்கும் ஓட்டப் பெயர் வேறு, லாயப் பெயர் வேறு. ஃபார் லாப்பைப் பராமரித்த டொமி வுட்கொக் அதை 'பொபி' என்றே அழைத்தார். கார்பைனை மக்கள் 'ஓல்ட் ஜாக்' என்றார்கள். அப்போது சிறுபாணாற்றுப்படையில் வரும் வள்ளல்களைப் பற்றி நான் சொன்னேன்: காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர், அவனை எதிர்த்த ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். ஏறியவனுக்கும் ஏறப்பட்டதற்கும் ஒரே பெயர் என்பதை வழிகாட்டி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஏற்பாடுகளில் பெரிய குறை இல்லை. சிற்றுந்து நேரத்துக்கு வந்தது, வழிகாட்டியின் ஆங்கிலம் தெளிவானது, கேள்விகளுக்கு அவர் அவசரப்படாமல் நின்று பதில் சொன்னார். சிலையடியில் உட்கார இடம் ஒதுக்காததால் முழங்கால் வலி உள்ளவர்கள் மடக்கு நாற்காலி கொண்டுபோவது நல்லது. திடலில் பணயத் தரகர்களின் பழங்கதைகளுக்குச் செலவிட்ட கால்மணி நேரத்தை, நியூ சவுத் வேல்ஸ் என்னும் நிலத்தின் பெயரால் 'வேலர்' என்று அழைக்கப்பட்டு, பிரித்தானியப் படைக்காகக் கப்பலேறிச் சென்னைக் கரையில் இறங்கிய அவுஸ்திரேலியக் குதிரைகளுக்குக் கொடுத்திருக்கலாம். எங்கள் கடலோரத்தோடு நேரடித் தொடர்புள்ள பெயர் அது. அன்று அதைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. திருத்திய கையேட்டை இணைத்திருந்தார்கள். சிங்களம் என்ற சொல் நீங்கி, அந்த வரியில் இப்போது சுவாங், தாய் என்னும் இரு மொழிகளின் பெயர்களும் உள்ளன.